குரு நானக் புனிதக் காடு: ஈக்கோசிக் நட்டுத் தரும் 550 மரக் காட்டை நம்பி நிலம் கொடுக்கலாமா?

ஈக்கோசிக் என்ற சீக்கியச் சுற்றுச்சூழல் அமைப்பு, இடம் கொடுப்பவர்களுக்கு ‘குரு நானக் புனிதக் காடு’ என்ற பெயரில் ஒரு சிறு காட்டை நட்டுத் தருகிறது. ஊராட்சிப் பொதுநிலம், குருத்வாரா வளாகம், பள்ளி, தொழிற்சாலை ஓரம், தனியார் வயல் எதுவானாலும் சரி. ஒரு காட்டுக்கு 550 கன்றுகள். 200 சதுர கஜம் இருந்தால் போதும். நம் கணக்கில் நாலு சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல், பஞ்சாப் கணக்கில் ஏழு மர்லாவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மண்ணின் இயல்பான மரங்களை மிக நெருக்கமாக நடும் இந்த முறை ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகியுடையது. சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் நட்ட பிறகு அந்தப் பெயர் தமிழ்நாட்டிலும் பழகிவிட்டது. அதே முறையைப் பஞ்சாபில் எந்த மண்ணில், எந்த மரங்களோடு, யார் கையால் செய்கிறார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீர்வசதியும் ஆழமான வண்டல் மண்ணும் உள்ள மத்திய பஞ்சாபில், பக்கத்தில் ஒரு குருத்வாராவோ பள்ளியோ பொறுப்பேற்கத் தயாராக இருந்தால், தாராளமாக நிலம் கொடுக்கலாம். நட்ட நாளில் கூட்டம் கூடி, மறுநாளிலிருந்து பார்க்க ஆளில்லாத இடமென்றால் கொடுக்காதீர்கள். தென்மேற்குப் பஞ்சாபின் வறண்ட மணல் நிலத்துக்கு இதே வடிவத்தை அப்படியே எடுத்துப்போகவும் கூடாது. இந்த மூன்றுக்கும் காரணங்கள் மண்ணிலும் தண்ணீர்க் கணக்கிலும் இருக்கின்றன.

பின்னணி கொஞ்சம். ஈக்கோசிக் 2009இல் அமெரிக்காவின் வாஷிங்டனை மையமாகக் கொண்டு தொடங்கியது. இந்தியாவில் அதன் களப்பணி லூதியானாவைச் சுற்றி வளர்ந்தது. குரு நானக்கின் 550ஆம் பிறந்தநாள் 2019இல் வந்தபோது பத்து லட்சம் மரம் என்று இலக்கு வைத்தார்கள். ஒரு காட்டுக்கு 550 என்ற எண் அங்கிருந்து வந்தது. நல்லவேளையாக அது மியாவாகி கணக்கோடும் ஒத்துப்போகிறது: சதுர மீட்டருக்கு மூன்றுக்குச் சற்று மேல் என்று நட்டால் 200 சதுர கஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 167 சதுர மீட்டருக்கு, 550 கன்று பிடிக்கும். தொழில்நுட்பத்தை இந்தியாவில் இந்த முறையைப் பரப்பிய அஃபாரெஸ்ட் நிறுவனத்திடமிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆகவே கீழே வரும் படிகளில் பெரும்பகுதி இந்தியா முழுவதும் நடக்கும் மியாவாகி வேலைக்கும் பொருந்தும்.

சமயம் இங்கே பெயர்ப்பலகையோடு நின்றுவிடவில்லை. குரு நானக் இயற்றிய ஜப்ஜி சாஹிப் என்ற பாடலின் இறுதிச் சலோகம் காற்றைக் குரு என்றும், நீரைத் தந்தை என்றும், பரந்த நிலத்தைத் தாய் என்றும் சொல்கிறது. பகலும் இரவும் இரு செவிலியர், அவர்கள் மடியில் உலகம் முழுவதும் விளையாடுகிறது என்று தொடர்கிறது. தினமும் காலையில் ஓதப்படும் வரி அது. ஏழாவது குருவான ஹர் ராய், கீரத்பூரில் மூலிகைத் தோட்டமும் மருந்துச்சாலையும் நடத்தியவர். அவர் குருவாகப் பொறுப்பேற்ற நாளை ஒட்டி மார்ச் 14ஐச் சீக்கியச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். மியாவாகியும் தன் முறையைக் கோயிலிலிருந்தே எடுத்தார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் ஷிந்தோ கோயில்களைச் சுற்றி வெட்டப்படாமல் நின்ற தோப்புகளில்தான் அந்தந்த மண்ணின் இயல்பான மரங்களை அவர் கண்டார். பஞ்சாபிலும் ஊர்ச் சமாதிகளையும் வழிபாட்டிடங்களையும் ஒட்டி ‘ஜிடி’ என்ற பழைய மரத்தோப்புகள் இருந்தன. பசுமைப் புரட்சியின் உழவு அவற்றில் பெரும்பாலானவற்றைத் தின்றுவிட்டது. 2021ஆம் ஆண்டு இந்திய வனநிலை அறிக்கையின்படி பஞ்சாபின் வனப்பரப்பு 3.67 சதவீதம்தான்.

மண் வேலை

இந்தச் சேவையின் தரத்தை நட்ட செடியைப் பார்த்து எடைபோட முடியாது. நடுவதற்கு முன் தோண்டிய குழியைப் பாருங்கள். முழுப் பரப்பையும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஜேசிபியால் தோண்ட வேண்டும். 167 கனமீட்டர் மண் வெளியே வரும். செடிக்குச் செடி தனிக்குழி தோண்டினால் பஞ்சாபில் அது வீண்வேலை. காரணம், தலைமுறையாக நெல்லுக்குச் சேறடித்து நின்ற வயல்களில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் சிமென்ட் போல் ஒரு கெட்டி அடுக்கு உருவாகியிருக்கிறது. தனிக்குழியில் வைத்த கன்றின் வேர் அந்த அடுக்கில் முட்டிப் பக்கவாட்டில் வளைந்துவிடும். மழையில் குழி தொட்டியாகி வேர் அழுகும். ஈக்கோசிக் ஆட்கள் முழுத்தோண்டலை வற்புறுத்துவது சரி. செலவு குறைக்கலாம் என்று நிலத்துக்காரரே ஆழத்தைப் பாதியாக்கச் சொல்வது உண்டு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள்.

தோண்டிய மண்ணில் பாதியைத் திரும்பப் போட்டு, அதோடு மூன்று வகைப் பொருளைக் கலக்கிறார்கள். மண்ணை நொறுங்கவைக்க நெல் உமி அல்லது கோதுமை உமி. ஊட்டத்துக்கு நன்கு மட்கிய சாணம். ஈரம் பிடித்து வைக்கத் தென்னை நார்க்கழிவு. பிறகு மீதி மண்ணும் கலவையும். களி அதிகமென்றால் உமியைக் கூட்ட வேண்டும், மணல் அதிகமென்றால் நார்க்கழிவைக் கூட்ட வேண்டும். ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்தாலே எது அதிகம் என்று தெரிந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடக்கும் நார்க்கழிவு பஞ்சாபில் விலையுள்ள சரக்கு. அங்கே காய்ந்த கரும்புச் சக்கை அந்த வேலையை ஏறத்தாழ செய்துவிடும், ஆலை பக்கத்தில் இருந்தால் மலிவும்கூட. மட்காத பச்சைச் சாணம் மட்டும் உள்ளே போகக் கூடாது. அது குழிக்குள் சூடேறி வேரைச் சுடும், கரையானையும் வரவழைக்கும். சாணத்தைக் கையில் எடுத்தால் நாற்றமில்லாமல், பொலபொலவென்று இருக்க வேண்டும். லாரி இறக்கும்போதே ஒருவர் நின்று பார்ப்பது நல்லது.

களர் நிலத்தில் (பஞ்சாபியில் ‘கல்லர்’) கார அமில எண் 8.5ஐத் தாண்டினால் உமியும் சாணமும் மட்டும் போதாது. ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்கிய பிறகே நட வேண்டும். மண் பரிசோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நல்ல மண்ணையும் சோடா உப்பு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீர் இரண்டே ஆண்டில் கெடுத்துவிடும்.

கன்றுகள்

ஈக்கோசிக்கின் பலம் இங்கேதான். நாற்றுப்பட்டியலைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு அதில் பாதி நம் ஊர்க் குளக்கரை மரமாகவே தெரியும்: வேம்பு, அரசு, ஆல், நாவல், மருது, புங்கன், இலந்தை, வன்னி, கருவேலம், சரக்கொன்றை, புரசு, நறுவிலி, களா, பவளமல்லி, நொச்சி, ஆடாதோடை. பஞ்சாபின் மாநில மரமான டாஹ்லியும் இருக்கும். மரக்கடைகளில் சீஷம் என்று விற்பது இதன் கட்டைதான். யூகலிப்டஸ், பாப்லர், சவுண்டல் போன்றவற்றை இவர்கள் ஒதுக்கிவைத்திருப்பது மிகச் சரியான முடிவு. ஊராட்சி நடவுகளில் சவுண்டலைத் திணிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலு சென்ட்டில் பத்துச் சவுண்டல் நுழைந்தால் ஐந்தாம் ஆண்டில் அது சவுண்டல் தோப்பு.

இந்த மரங்களில் பல குருத்வாராக்களின் பெயரிலேயே நிற்கின்றன. சுல்தான்பூர் லோதியின் பேர் சாஹிப் இலந்தையின் பெயரால் வந்தது. டாஹ்லி சாஹிப், ஜண்ட் சாஹிப் (வன்னி), பிப்லி சாஹிப் (அரசு) என்று பல ஊர்களில் உண்டு. உத்தராகண்டில் பூந்திக்காய் மரத்தின் பெயரால் ரீட்டா சாஹிப். நம் தலமரங்களைப் போலவே குரு அமர்ந்த நிழல் என்ற நினைவு அந்த மரத்தைக் காத்தது. இந்த நினைவு நடவுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. ஒரு ஊரின் குருத்வாராவுக்கு எந்த மரத்தின் பெயர் என்று விசாரித்தால், அந்த மண்ணில் முன்பு எது தானாக வளர்ந்தது என்பதற்கு ஒரு தடயம் கிடைத்துவிடும். மோகா மாவட்டத்தின் பட்டோ ஹீரா சிங் ஊரில், சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபில் பெயர் வரும் தாவரங்களை மட்டும் சேர்த்து ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். மரங்களை அடையாளம் கண்டு பழக அங்கே ஒரு நாள் செலவிடலாம்.

550ஐ நான்கு உயரமாகப் பிரிப்பது வழக்கம். மேல்விதானத்துக்கு ஏறத்தாழ 100, உயரமரம் 250, சிறுமரம் 150, புதர் 50. ஆல், அரசு இரண்டும் சேர்ந்து மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். மதில் பக்கமோ கட்டட ஓரமோ அவற்றுக்கு இடமே கொடுக்கக் கூடாது. டாஹ்லியில் ஒரு எச்சரிக்கை. வேர்ப்பூஞ்சணத்தால் பஞ்சாபில் ஏராளமான டாஹ்லிகள் நுனியிலிருந்து காய்ந்து செத்திருக்கின்றன. தண்ணீர் தேங்கும் நிலத்தில் அந்த நோய் வேகமாகப் பரவும். இந்தக் காட்டுக்கு முதல் இரண்டு ஆண்டும் தினசரி நீர் என்பதால், மாநில மரம் என்ற பாசத்தில் நூறு டாஹ்லி வைக்காமல் இருபது இருபத்தைந்தோடு நிறுத்தலாம். அதையும் மேடான பக்கத்தில் வைக்கலாம்.

கன்றின் உயரம் 60 முதல் 80 செ.மீ. இருக்க வேண்டும். ஆறடிக் கன்று வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். பையில் ஆறடி வளர்ந்த கன்றின் ஆணிவேர் உள்ளே சுருண்டிருக்கும்; நட்டபின் அது நிமிராது. கன்று இறங்கும்போது ஒவ்வொரு இனத்திலும் ஒன்றைப் பை கிழித்து வேரைப் பாருங்கள். வன்னியில் கட்டாயம் பாருங்கள், அதன் ஆணிவேர் நாற்று வயதிலேயே நீளமாக ஓடும். வண் (நம் உகாய்க்கு நெருங்கிய இனம்), கரீர், பலாஹி போன்ற வறண்ட நில மரங்கள் நாற்றங்கால்களில் எளிதில் கிடைக்காது. வண் பழம் கோடையில் பழுத்தவுடன் விதையை எடுத்து உடனே ஊன்றாவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். அதனால் இவை உங்கள் காட்டில் வேண்டுமென்றால் ஓராண்டு முன்பே சொல்லிவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் பட்டியலில் அவற்றின் இடத்தை வேம்பும் புங்கனும் பிடித்துக்கொள்ளும். சேவையின் பலவீனமான இடங்களில் இதை முதலில் வைப்போம்.

நடவும் மூடாக்கும்

நடவு நாளில் செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் தவறு நடக்கும் இடங்களும் அவைதான். ஒரே இனத்தின் இரண்டு கன்று பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. கன்றுகளை முதலில் பையோடு பரப்பி வைத்து, நின்று பார்த்து, பிறகு நடுங்கள். பையை நீக்கி, மண்கட்டியோடு கன்றை ஜீவாமிர்தத்தில் முக்கி எடுத்து வைக்கிறார்கள். ஜீவாமிர்தம் நம் இயற்கை விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ கடலைமாவு, ஒரு பிடி மரத்தடி மண்; நிழலில் இரண்டு நாள், காலையும் மாலையும் கலக்கி. பையின் மண்கட்டி மேல்மட்டமும் நிலமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆழ நட்டால் தண்டு அழுகும். சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கக் கூடாது. பெரும்பாடு பட்டுப் பொலபொலப்பாக்கிய மண் அது. சேவை செய்ய வரும் கூட்டம் ஆர்வத்தில் மிதித்துவிடும். பாதைக்குப் பலகை போட்டு, ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாக உள்ளே விட்டால் இது குறையும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி, சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வான கட்டு.

அடுத்து மூடாக்கு. 12 முதல் 18 செ.மீ. கனத்துக்கு நெல் வைக்கோல், காற்றில் பறக்காமல் கயிறும் முளைக்குச்சியும். இந்தப் பரப்புக்கு ஏறத்தாழ ஒரு டன் வைக்கோல் பிடிக்கும். அரை ஏக்கர் நெல்வயலின் வைக்கோல். அக்டோபர், நவம்பரில் பஞ்சாப் வயல்களில் எரிக்கப்படும் அதே ‘பராலி’தான் இது. ஒரு காட்டுக்கு அரை ஏக்கர் பராலி என்பது மாநிலத்தின் புகைக்கு மருந்தாகாது. ஆனாலும் எரிக்கிற விவசாயியிடமே போய்க் கேட்டு வாங்குவது நல்லது. தன் வைக்கோல் மண்ணாவதை அவர் தினமும் அந்த வழியாகப் போகும்போது பார்ப்பார்.

தண்ணீர்: மறைக்காமல் பார்க்க வேண்டிய கணக்கு

சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் என்பது பொதுவான அளவு. இந்தக் காட்டுக்கு நாளொன்றுக்கு 800 லிட்டருக்குச் சற்று மேல். மழைநாட்களையும் குளிர்காலத்தையும் கழித்து ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்தால் 1,250 மி.மீ. மழைக்குச் சமமான நீர் உள்ளே போகிறது. பரப்புக்குப் பரப்பு பார்த்தால் நெல் குடிக்கும் அளவுதான் இது. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஊறுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இறைக்கப்படுகிறது. அப்படியிருக்க, சுற்றுச்சூழல் பெயரில் நடும் காடு நெல் அளவு குடிக்கிறதே என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். பதிலும் நியாயமானதே: நெல் ஆண்டுதோறும் குடிக்கும், காடு இரண்டு மூன்று ஆண்டில் நிறுத்திக்கொள்ளும், பரப்பும் ஏக்கரில் இருபத்துநான்கில் ஒரு பங்குதான். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் நீரை நிறுத்துவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பாசத்தில் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருக்கும் காடுகளில் வேர் மேலேயே நின்றுவிடுகிறது, ஒரு பலத்த காற்றில் மரம் சாய்கிறது.

குருத்வாராவில் குளிர்விக்கும் நீர், கைகழுவும் நீர் என்று ஓடிப்போவது ஏராளம். சோப்பும் எண்ணெயும் கலவாத பகுதியைத் தனிக்குழாயில் பிரித்துக் காட்டுக்குத் திருப்பினால் ஆழ்குழாய் மோட்டாரைப் பாதி நாள் போட வேண்டாம். லங்கரில் (குருத்வாராவின் பொதுச் சமையல்கூடம்) பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய் மிதக்கும். அதை நேராக விடாதீர்கள், கொழுப்புப் பிரிப்புத் தொட்டி இல்லாமல் விட்டால் மூடாக்கு பிசுபிசுத்து மூச்சடைக்கும்.

சொட்டுநீர் இங்கே ஏற்றதல்ல. சொட்டு விழும் ஓரிடத்திலேயே வேர் குவியும். சதுர மீட்டருக்கு மூன்று செடி என்னும்போது எங்கும் பரவிய ஈரமே வேண்டும். பூவாளித் தலை மாட்டிய ஹோஸ் போதும். வைக்கோல் நனைந்ததைப் பார்த்து ஏமாறக் கூடாது, அதற்குக் கீழே இரண்டு விரல் விட்டு மண் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காவலுக்கு வருபவருக்கு இந்த ஒன்றையாவது கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

எங்கே கெடுகிறது

மே, ஜூனில் 45 டிகிரி வெயிலோடு ‘லூ’ என்ற அனல்காற்று வீசும். மார்ச்சில் நட்ட கன்றுக்கு வயது மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. சுற்றுச்சூழல் நாள் மார்ச் 14இல் வருவதால் அன்று நடுவதற்குத்தான் எல்லாருக்கும் ஆசை. பிப்ரவரி, மார்ச் பஞ்சாபின் வசந்த நடவுப் பருவம் என்பதும் உண்மை. ஆனால் நீர் உறுதியில்லாத இடத்தில் ஜூலை நடவுதான் பாதுகாப்பு. விழாவை மார்ச்சில் வைத்து அன்று மண்ணைத் தோண்டிக் கலக்கும் வேலையைத் தொடங்கலாம், கன்றை மழையோடு நடலாம்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உறைபனி. முதல் குளிர்காலத்தில் நாவல், முருங்கை, வேம்புக் கன்றுகள் நுனி கருகும். சர்கண்டா என்ற நாணல் போன்ற புல்லைக் கூரைபோல் கட்டி, தென்கிழக்கு மட்டும் திறந்துவைப்பது அங்கே பழைய வழக்கம். வெயில் உள்ளே வரும், வடமேற்கு வாடை தடுக்கப்படும். பனி விழும் என்று தெரிந்த மாலை லேசாக நீர் விட்டால் இன்னும் நல்லது. கருகிய நுனியை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். பிப்ரவரிக்குப் பிறகு கீழிருந்து துளிர்க்கும்.

தீ. கோதுமை அறுத்த தாளை மே மாதத்திலும், நெல் தாளை அக்டோபரிலும் பக்கத்து வயலில் கொளுத்தும்போது, ஒரு டன் காய்ந்த வைக்கோல் விரித்த காடு சில நிமிடங்களில் போய்விடும். வேலிக்கு வெளியே மூன்று மீட்டர் அகலத்தைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அண்டை வயல்காரரிடம் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும். கரையானுக்கு ஈரம் காயாமல் பார்ப்பதே முதல் காப்பு, வைக்கோல் காய்ந்துகிடந்தால்தான் அது ஏறும். தெருமாடும், ஹோஷியார்பூர் பக்கமென்றால் நீல்காய் என்ற பெரிய காட்டு மானும் வரும். ஆகவே வேலி ஐந்தடிக்குக் குறையாமல். களைகளில் பார்த்தீனியம், கோரை, அறுகு மூன்றும் முதலாண்டு பாடுபடுத்தும். கையால் வேரோடு பிடுங்கி, அங்கேயே வெயிலில் காயப் போடுங்கள். களைக்கொல்லி கூடவே கூடாது. நிழல் மூடியபிறகு இந்த வேலை தானாக நின்றுவிடும்.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு சில கன்றுகள் நிழலில் தோற்றுச் சாகும். இது முறையிலேயே அடங்கியது, பதற வேண்டாம். 550உம் மரமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து மடங்கு வேகம், முப்பது மடங்கு அடர்த்தி என்று மியாவாகி காடுகளைப் பற்றி உலவும் எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு சென்ட்டில் கிடைப்பது பறவை, தேனீ, பூச்சிகளுக்கு ஒரு புகலிடமும் ஊருக்குள் ஒரு குளிர்ந்த மூலையும். அதுவே மதிப்புள்ளது.

சேவை யாருடையது

நடுபவர்கள் போனபின் தண்ணீர் ஊற்றுவது யார்? இந்தியாவில் மரநடவுத் திட்டங்கள் பெரும்பாலும் சாவது இந்தக் கேள்வியில்தான். சீக்கிய மரபில் இதற்கு ஆயத்தமான விடை இருக்கிறது. வருவாயில் பத்தில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் தஸ்வந்த், உடலுழைப்பாகச் செய்யும் கார் சேவை, தினமும் ஆள் வந்துபோகும் குருத்வாரா. சுல்தான்பூர் லோதியில் காளி பேய்ன் ஆற்றைப் பாருங்கள். குரு நானக் நீராடி ஞானம் பெற்றதாக நம்பப்படும் ஆறு சாக்கடையாகிக் கிடந்தது. பாபா பல்பீர் சிங் சீச்சேவால் 2000இல் ஆட்களோடு இறங்கி ஆகாயத்தாமரையைக் கையால் வாரத் தொடங்கினார். ஏறத்தாழ 160 கி.மீ. நீள ஆற்றில் ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை அது. 2006இல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்தார். அவர் பார்த்தது பல ஆண்டு உழைப்பை. காட்டுக்கும் அதுதான் வேண்டும்: திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று ஏழு பேர் பெயர் எழுதிய ஒரு தாள், குருத்வாரா அறிவிப்புப் பலகையில்.

இதே மரபில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குருத்வாராவை விரிவாக்குவதும் வளாகம் முழுவதும் பளிங்கு பாவுவதும்கூடச் சேவையாகவே செய்யப்படுகிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் துக்க பஞ்சனி பேரி முதலான பழைய இலந்தைகள் தளர்ந்தபோது, லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக வல்லுநர்கள் வந்து கவாத்து செய்து, பூச்சியை அகற்றி, அடிமரத்தைச் சுற்றி வேருக்கு மண்வெளி விடச் செய்தார்கள். நூற்றாண்டுகள் கண்ட மரங்களுக்கே அந்த நிலை வந்தது. புதிதாக நட்ட காட்டின் மீது நாளை ஒரு லங்கர் மண்டபம் எழும்பாது என்பதற்கு வாய்மொழி போதாது. குருத்வாராக் குழுவிடமோ ஊராட்சியிடமோ குறைந்தது பத்தாண்டுக்கு இந்த நிலம் காட்டுக்கே என்று தீர்மானம் நிறைவேற்றி நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மால்வாவின் வறண்ட நிலத்துக்கு

மால்வா எனப்படும் தெற்குப் பஞ்சாபின் தென்மேற்கு ஓரத்தில், பட்டிண்டா, மான்சா, ஃபாஸில்கா பக்கம் இந்த வடிவத்தைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனமில்லை. அந்த நிலத்தின் இயல்பு அடர்காடு அல்ல. வன்னி, வண், கரீர் என்று இடைவெளி விட்டு நிற்கும் மரங்களும் நடுவே புல்லும்தான் அங்கே இருந்தவை. மியாவாகியின் அடிப்படையே அந்த இடத்தின் இயற்கைத் தாவரத்தை மீட்பது என்றால், அங்கே சதுர மீட்டருக்கு மூன்று செடி என்பது முறைக்கே முரண். தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்பு. அப்படிப்பட்ட ஊர்களுக்கு அதே 550 கன்றை ஓர் ஏக்கரில் பரப்பி, வன்னியும் வண்ணும் கரீரும் பெரும்பான்மையாக, இடையில் சேவன் என்ற வறண்ட நிலப் புல்லும் விதைத்து ஒரு தனி வடிவத்தை ஈக்கோசிக் வகுத்தால் அது இன்னும் பெரிய சேவையாக இருக்கும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

செலவைத் தோண்டல், கரிமப்பொருள், கன்று, வேலி, நீர் ஏற்பாடு என்று ஐந்து தலைப்பில் எழுத்தில் கேளுங்கள். எது நன்கொடையில் அடங்கும், எது உங்கள் பொறுப்பு என்பதை ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிக்கச் சொல்லுங்கள். செத்த கன்றுக்கு மாற்றுக்கன்று எத்தனை மாதம் வரை தருவார்கள் என்றும் கேளுங்கள். 550இல் பத்து சதவீதத்தைக் கூடுதலாக வாங்கி ஓரமாக வளர்த்து வைப்பது நல்லது. கையெழுத்திடுமுன் உங்கள் மாவட்டத்தில் மூன்றாம் கோடையைத் தாண்டிய ஒரு காட்டை ஜூன் மாதத்தில் போய்ப் பாருங்கள், நட்ட ஆண்டுப் புகைப்படம் எதையும் சொல்லாது.

நாட்காட்டி இப்படி இருக்கட்டும். மார்ச் நடவென்றால் நவம்பரில் மண்ணும் நீரும் பரிசோதனை, டிசம்பரில் கன்று முன்பதிவு, பிப்ரவரி முதல் வாரம் தோண்டல், கலந்த மண் இரண்டு வாரம் ஆறவேண்டும். ஜூலை நடவென்றாலும் நெல் வைக்கோலை முந்தைய நவம்பரிலேயே பேல் கட்டி, மழை படாமல் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் தேடினால் கோதுமைத் ‘தூடி’தான் கிடைக்கும். அது மாட்டுக்குத் தீவனம், விலையும் அதிகம், துண்டுதுண்டாக இருப்பதால் முதல் காற்றிலேயே பறந்துவிடும்.